உடைமாற்றும் அறையில் தொங்கும் ஜாதகம்: ஜப்பானிய ஒன்சென் நீரைப் படித்துவிட்டு இறங்குங்கள்

ஜப்பானில் எந்த ஒன்செனுக்குப் (நிலத்தடி ஊற்றுநீர்க் குளியலகத்துக்குப்) போனாலும் உடைமாற்றும் அறைச் சுவரில் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலோ துணிக்கூடை அடுக்குக்கு மேலேயோ, நீராவி பட்டு ஓரம் பழுப்பேறி இருக்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தத் தாள்தான் நீரின் ஜாதகம். எந்த ஊற்றுக்கண்ணில் பிறந்தது, பிறக்கும்போது எத்தனை டிகிரி, ஒரு கிலோ நீரில் எத்தனை கிராம் கரைந்த பொருள், அமிலமா காரமா என்று எல்லாம் அதில் இருக்கும். தொட்டியில் எத்தனை நிமிடம் இருக்கலாம், எதைக் கழற்றி வைக்க வேண்டும், ஏறிய பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கிருந்துதான் வருகிறது. பனி மூடிய திறந்தவெளித் தொட்டியின் படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தோல் எரிந்தோ தலை சுற்றியோ திரும்புவது இந்தத் தாளைப் படிக்காததால்தான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைப்போம். ஒன்சென் என்றால் கொதிக்கும் நீர் என்று பொருள் இல்லை. 1948-இல் வந்த ஒன்சென் சட்டத்தின்படி, மண்ணிலிருந்து வெளிவரும் இடத்தில் நீர் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அல்லது சட்டம் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறித்த அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். எனவே 17 டிகிரியில் சில்லென்று வரும் கனிம நீரும் சட்டப்படி ஒன்சென்தான். டோக்கியோவின் ஓத்தா வட்டாரத்துப் பொதுக் குளியலகங்களில் கிடைக்கும் ‘குரோயு’ எனப்படும் கறுப்பு நீர் அந்த வகை. பழங்காலத் தாவரங்கள் மக்கிய சாறு கலந்து கடுங்காப்பி நிறத்தில் குளிர்ச்சியாக வரும் நீரைக் காய்ச்சித்தான் தொட்டியில் விடுகிறார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, தாளிலேயே எழுதியிருக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் மூன்று வழி உண்டு. ஜப்பானில் 111 உயிருள்ள எரிமலைகள் கணக்கில் இருக்கின்றன. குசாட்சு, நோபோரிபெட்சு, பெப்பு போன்ற ஊர்களில் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, பாறைக்குழம்பின் சூட்டையும் அதிலிருந்து வரும் வாயுக்களையும் வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அந்த வாயுவில் கந்தகமும் குளோரினும் இருப்பதால் இந்த நீர் பல இடங்களில் அமிலம் மிகுந்தது. இரண்டாவது வழி ஆழம். எரிமலையே இல்லாத சமவெளியிலும் 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 3 டிகிரி ஏறும். 1,500 மீட்டர் துளைபோட்டால் குளிக்கத் தக்க சூடு கிடைத்துவிடுகிறது. பெருநகரங்களின் புதிய ஒன்சென்கள் பல இப்படி வந்தவை. பழைய கடல்நீர் அடியில் சிறைப்பட்டிருந்தால் உப்பும் கரிக்கும். மூன்றாவது வழிக்கு எடுத்துக்காட்டு கோபே நகருக்குப் பின்னால் மலையில் இருக்கும் அரிமா. அக்கம்பக்கத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. கடலடித் தட்டு ஒன்று நிலத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போகும்போது பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் பிழியப்படும் நீர், பிளவுகள் வழியாக ஏறி வருகிறது. சில ஊற்றுகளில் கடல்நீரைவிட அதிக உப்பு. வெளிவரும்போது பளிங்குபோல் இருக்கும் நீர், காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் செம்மண் குழம்பாகிவிடும். அதைத்தான் ‘பொன்னீர்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

தாளில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்

ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் கவலையில்லை. கைப்பேசி மொழிபெயர்ப்பு போதும். ஆனால் உடைமாற்றும் அறைக்குள் கேமராவைத் தூக்கவே கூடாது. வரவேற்பு மேசையில் கேட்டால் பிரதி காட்டுவார்கள். பல விடுதிகள் தங்கள் இணையப் பக்கத்திலும் போட்டிருக்கும். போவதற்கு முன்னாலேயே படித்துவிடுவது நல்லது.

முதல் வரி நீர்வகை. மருத்துவத் தகுதியுள்ள நீரை 10 வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: எளிய நீர், குளோரைடு, பைகார்பனேட், சல்பேட், கார்பன் டை ஆக்சைடு, இரும்பு, அமிலம், அயோடின், கந்தகம், கதிரியக்கம். கரைந்த பொருள் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கீழே, சூடு 25 டிகிரிக்கு மேலே என்றால் அது எளிய நீர். பெயரைப் பார்த்துக் குறைத்து எடைபோட வேண்டாம். முதல்முறை போகிறவர்களுக்கும், முதியவர்களுக்கும், தோல் மெலிந்தவர்களுக்கும் நாங்கள் எப்போதும் சொல்வது இந்த வகையைத்தான்.

அடுத்தது பிஎச், அதாவது அமில-கார அளவு. 3-க்குக் கீழே அமில நீர், 8.5-க்கு மேலே கார நீர், நடுவே மற்றவை. 8.5-ஐத் தாண்டிய நீரில் இறங்கினால் கை வழுவழுவென்று இருக்கும். தோலின் எண்ணெயோடு காரம் சேர்ந்து கொஞ்சம் சோப்பாக மாறுகிறது, அதுதான் அந்த வழுவழுப்பு. ‘அழகியர் நீர்’ என்று விளம்பரம் செய்வதும் இதைத்தான். ஆனால் எண்ணெய் போனபின் தோல் சீக்கிரம் வறண்டுவிடும். ஏறித் துடைத்த பத்து நிமிடத்துக்குள் ஏதாவது களிம்போ எண்ணெயோ தடவாவிட்டால் இரவில் அரிப்பு எடுக்கும். சாகா மாவட்டத்து உரேஷினோவில் சோடா உப்பு (பைகார்பனேட்) மிகுந்த இந்த மாதிரி நீரில் டோஃபு கட்டியைப் போட்டுக் காய்ச்சுவார்கள். ஓரங்கள் கரைந்து, நீர் பால்போல் வெளுத்து, கட்டி குழைந்துவிடும். புரதத்தை அந்த நீர் என்ன செய்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும் சட்டி அது.

பிறகு கரைந்த பொருளின் மொத்த எடை. கிலோவுக்கு 8 கிராமுக்குக் கீழே என்றால் நம் உடல் திரவத்தைவிட நீர்த்தது. 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் செறிந்தது. செறிந்த உப்புநீரில் குளித்தால் தோல்மேல் மெல்லிய உப்புப் படலம் தங்கி வியர்வை ஆவியாவதைத் தடுக்கும். குளிர்காலத்தில் தொட்டியைவிட்டு வந்து ஒரு மணி நேரமானாலும் உள்ளங்கால் சூடாக இருப்பது இதனால்தான். கோடையில் இதே நீர் ஆளைக் களைப்பாக்கிவிடும்.

கந்தக நீரென்றால் (கிலோவுக்கு 2 மில்லிகிராம் கந்தகம் இருந்தாலே அந்தப் பெயர் கிடைத்துவிடும்) வெள்ளி நகைகளைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர்ப் பெண்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கொலுசும் மெட்டியும் சில நிமிடங்களிலேயே கறுத்துவிடும். நீரில் இறங்காமல் நீராவியில் நின்றாலும் கறுக்கும். தங்கத் தாலிக்கு நேரடிச் சேதம் இல்லை. ஆனால் 22 காரட்டில் கலந்துள்ள செம்பு மங்கலாம், பற்றவைத்த இடங்கள் நிறம் மாறலாம். கழற்ற மனமில்லாதவர்கள் கந்தகமில்லாத ஊரைத் தேர்ந்தெடுப்பதே வழி.

பால்போல் வெளுத்த கந்தக நீர்தான் வீரியமானது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான கந்தக நீர் பிறக்கும்போது தெளிவாகவே இருக்கும். காற்றோடு சேர்ந்து கந்தகம் நுண்துகளாகப் பிரிந்த பிறகுதான் வெண்மை வருகிறது. அதாவது வெண்மை நீரின் மூப்பைக் காட்டுகிறது. காலையில் புதிதாக நிரப்பிய தொட்டி தெளிவாகவும் மாலையில் அதே தொட்டி பாலாகவும் இருப்பதைக் கவனிக்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு நீருக்கு வேறு கணக்கு. கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் வாயு வேண்டும். காய்ச்சினால் வாயு பறந்துவிடும் என்பதால் நல்ல சோடா நீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஓயிட்டா மாவட்டத்து நாகயுவில் 32 டிகிரி அளவில் வரும் நீரில் இறங்கினால் முதலில் குளிரும். ‘இதற்கா வந்தோம்’ என்று தோன்றும். ஆடாமல் அசையாமல் இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கையின் ரோமமெல்லாம் வெள்ளிக் குமிழ் கோத்துக்கொள்ளும். வாயு தோல் வழியே போய் நுண்குழாய்களை விரிப்பதால், குமிழ் ஒட்டிய இடம் சிவந்து உள்ளிருந்து சூடு வரும். கையால் குமிழைத் துடைத்துத் துடைத்து விளையாடுகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

இதே சுவரில் இரண்டாவதாகச் சின்னத் தாள் ஒன்றும் இருக்கும். 2004-இல் சில புகழ்பெற்ற ஊர்களில் குளியல் பொடியைக் கரைத்து நீருக்கு வெண்மை ஏற்றியதும், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஒன்சென் என்று விற்றதும் அம்பலமாகி நாடே கொதித்தது. அதன்பின் 2005 முதல் சில விவரங்களை எழுதி ஒட்டுவது கட்டாயம்: தண்ணீர் கலந்ததா, காய்ச்சியதா, சுற்றோட்டத்தில் திரும்பத் திரும்ப விடுவதா, கிருமிநாசினி, குளியல் பொடி போட்டதா, போட்டால் ஏன் என்பது. பகுப்பாய்வையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊற்றுநீர் தொட்டியில் விழுந்து, வழிந்து, திரும்பாமல் ஓடிப்போவதை ‘காகெநாகாஷி’ என்பார்கள். வடிகட்டிச் சுற்றவிடுவது ‘ஜுன்கான்’. தாள் இல்லாமலே கண்டுபிடிக்கலாம்: தொட்டி விளிம்பில் எப்போதும் நீர் வழிந்துகொண்டே இருக்கிறதா, தொட்டிக்குள் நீரை உறிஞ்சும் துளை இருக்கிறதா, தரையில் கனிமப் படிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றோட்டம் என்றால் உடனே முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஊற்று சிறிது, தொட்டி பெரிது என்றால் சுத்தமாக வைத்திருக்க அதுதான் வழி.

இறங்கும் முறை

வாசலில் திரைச்சீலை தொங்கும். நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறம் மாறியும் இருக்கலாம் என்பதால் எழுத்தைப் பாருங்கள்: ஆண் என்ற எழுத்தின் மேல்பாதி வரப்பு கட்டிய நான்கு வயல்போல் இருக்கும். பல விடுதிகள் இரவில் இரு பக்கத்தையும் மாற்றிவிடும். நேற்று போன கதவு என்ற நினைப்பில் காலையில் நுழைந்துவிடாதீர்கள்.

உள்ளே முழு நிர்வாணம்தான். நீச்சலுடை, உள்ளாடை எதுவும் கூடாது. கூச்சம் அதிகமென்றால் ‘காஷிகிரி’ என்று கேளுங்கள், குடும்பத்துக்கோ தம்பதிக்கோ 45 அல்லது 50 நிமிடம் தனித்தொட்டி கிடைக்கும். பச்சை குத்தியவர்களை விடாத இடங்கள் இன்னும் நிறைய. அரசின் சுற்றுலாத் துறை 2015-இல் விசாரித்தபோது பதில் சொன்ன விடுதிகளில் 56 சதவீதம் மறுப்பதாகச் சொன்னது. சிறியதென்றால் தோல்நிற ஒட்டியால் மறைத்தால் போதும் என்பார்கள் சிலர். கினோசாகி ஊரின் 7 பொதுக் குளியலகங்களில் இந்தத் தடை இல்லை. கல்யாணத்துக்கு இட்ட மருதாணி கையோடு போகிறவர்களும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், பார்ப்பவர்களுக்கு அது பச்சைதான்.

கையில் கொண்டுபோவது சிறு துண்டு ஒன்று மட்டும். குழாய்களுக்கு முன்னால் முக்காலி இருக்கும், அதில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்று குளித்தால் பின்னால் இருப்பவர்மேல் தெறிக்கும். தலையில் தேங்காயெண்ணெய் வைத்திருந்தால் இரண்டு தடவை ஷாம்பு போட்டு முழுக்க எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் படலம் தொட்டி மேற்பரப்பில் மிதப்பதும் வடிகட்டியை அடைப்பதும் அவர்களுக்குப் பெரிய தொல்லை. நீண்ட கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ள வேண்டும். சோப்பு நுரை ஒரு துளிகூட இல்லாமல் அலசி, முக்காலியையும் வாளியையும் கழுவி வைத்த பிறகுதான் தொட்டிப் பக்கம் போகலாம்.

அதற்கும் முன்னால் ‘காகேயு’. தொட்டி நீரைச் சிறு வாளியில் மொண்டு பாதம், முழங்கால், இடுப்பு, தோள் என்று கீழிருந்து மேலாகப் பத்து வாளி ஊற்றிக்கொள்வது. சுத்தம் ஒரு காரணம். இன்னொன்று, திடீர்ச் சூட்டில் ரத்த அழுத்தம் எகிறாமல் உடலைப் பழக்குவது. இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் இறங்கிய முதல் நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும்.

முதல் தடவை இடுப்பளவு மட்டும், 3 முதல் 5 நிமிடம். ஏறி உட்கார்ந்து ஆறுங்கள். பிறகு தோள்வரை இன்னொரு 5 நிமிடம். பழகிய பின் 15, 20 நிமிடம்வரை போகலாம். நெற்றியில் வியர்வை அரும்பினால் அது ஏறச் சொல்லும் அறிகுறி. 38 முதல் 40 டிகிரிவரை உடல் தளர்ந்து தூக்கம் வரும். 42-ஐத் தாண்டினால் நரம்புகள் விழித்துக்கொண்டு இதயம் ஓடும். முதியவர்களும் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் 42-க்கு மேல் போகவே கூடாது. தோள்வரை மூழ்கும்போது உடல் எடை பத்தில் ஒன்றாகிவிடும். நீரின் அழுத்தம் கால் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். சட்டென்று எழுந்தால் அந்த அழுத்தம் விலகி ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும். கைப்பிடியைப் பிடித்து, விளிம்பில் உட்கார்ந்து, பிறகு எழுங்கள்.

துண்டு நீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வது வழக்கம். குளிர்ந்த நீரில் பிழிந்து வைத்தால் தலைச்சுற்றலும் குறையும். ஏறியதும் அதே துண்டால் உடம்பை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் உடைமாற்றும் அறைக்குள் கால் வைக்க வேண்டும். சொட்டச் சொட்ட நுழைவதுதான் வெளியூர்க்காரர்கள்மீது உள்ளூர்க்காரர்கள் சொல்லும் முதல் புகார். பொதுவாக மேலே நல்ல தண்ணீர் ஊற்றாமல் விட்டால்தான் நீரின் பலன் தங்கும். அமில நீருக்கும் வீரியமான கந்தக நீருக்கும் இது பொருந்தாது. மென்மையான தோல் என்றால் கட்டாயம் அலசுங்கள். அக்குள், தொடையிடுக்கில் இரண்டு முறை.

சாப்பிட்டு அரை மணி, சாப்பிடுவதற்கு முன் அரை மணி தொட்டி வேண்டாம். மது குடித்துவிட்டு இறங்குவது உயிரோடு விளையாடுவது. முன்னும் பின்னும் ஒரு தம்ளர் தண்ணீர். காய்ச்சல் நேரத்திலும், தீவிர இதயக் கோளாறு, மூச்சுத்திணறல், கடும் ரத்தசோகை உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கான தடையை 2014-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழுக்கும் தரைதான் அவர்களுக்கு உண்மையான ஆபத்து.

ஊற்றுநீரைக் குடிப்பதற்கென்று அனுமதி பெற்ற குழாய் தனியாக இருக்கும். ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லிலிட்டர், நாளைக்கு 500-க்கு மேல் போகக் கூடாது. தொட்டிக்குள் விழும் நீரைக் கையில் ஏந்திக் குடிப்பது தவறு. ஆர்சனிக் கலந்த ஊற்றுகளும் உண்டு.

ஏழு நாள் கணக்கு

இன்று ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஓடிவருகிறோம். பழைய வழக்கம் ‘தோஜி’. அறுவடை முடிந்த உழவர்கள் அரிசியும் மிசோ என்ற சோயா விழுதும் மூட்டை கட்டிக்கொண்டு போய், பொது அடுப்பில் தாங்களே சமைத்து, 7 நாளை ஒரு சுற்று என்று வைத்து மூன்று சுற்று தங்குவார்கள். 733-இல் எழுதி முடித்த இசுமோ நாட்டு வரலாற்றுக் குறிப்பில் தமாட்சுகுரி ஊற்றைப் பற்றி, ஒருமுறை குளித்தால் அழகு கூடும், மறுமுறை குளித்தால் எல்லா நோயும் போகும் என்று இருக்கிறது. 631-இல் பேரரசர் ஜோமெய் அரிமாவுக்குப் போய்த் தங்கியது நாட்டின் பழைய வரலாற்றேட்டில் பதிவாகியிருக்கிறது. நம்பிக்கையாக இருந்ததை மருத்துவமாகப் பார்த்தவர் மருத்துவர் கோத்தோ கொன்சான். 1709-இல் கினோசாகி நீரை ஆராய்ந்தார். மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜெர்மன் மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ் குசாட்சுவின் பெருமையை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார்.

தோஜியில் மூன்றாம், நான்காம் நாள் வாக்கில் உடம்பு வலி, சோர்வு, லேசான காய்ச்சல், தோல் சிவப்பு வரும். ‘யு-அதாரி’, நீர்தாக்கம் என்று பெயர். நோய் வெளியேறுகிறது என்று சொல்லி இன்னும் அதிகம் குளிப்பவர்கள் உண்டு, அது தவறு. ஒரு நாள் நிறுத்துங்கள் அல்லது ஒரு வேளையாகக் குறையுங்கள். முதல் சில நாட்கள் ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறைக்கு மேல் இறங்காதவர்களுக்கு இது பெரும்பாலும் வராது.

குசாட்சுவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஊர் நடுவே யுபதாகே, அதாவது நீர்வயல். ஆவி பறக்க ஊற்று பொங்கி, வரிசையாகக் கிடத்திய நீண்ட மரத் தொட்டிகளின் வழியே ஓடுகிறது. ஊருக்கு மொத்தமாக நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே வெளிவருகிறது. பிஎச் சுமார் 2, எலுமிச்சைச் சாற்றின் அளவு. இரும்பு ஆணியைப் போட்டால் நாளுக்கு நாள் இளைத்துப் போகும். சூடோ 50 டிகிரிக்கு மேல். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஆறிவிடும், ஆனால் நீரின் வீரியமும் போய்விடும். அதனால்தான் ‘யுமோமி’ பிறந்தது. சுமார் 180 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையைத் தொட்டியில் செங்குத்தாக இறக்கி, இடவலமாகப் புரட்டிப் புரட்டி நீரைக் காற்றோடு கலக்குவார்கள். பாட்டோடு சேர்ந்து எல்லோரும் ஒரே தாளத்தில் புரட்டுவது கும்மாளம் அல்ல, அளவு. குளிக்கப் போகிறவர்களின் உடலும் அதிலேயே சூடேறிவிடும். பிறகு குனிந்து பின்னந்தலையில் முப்பது வாளி வெந்நீர் ஊற்றிக்கொண்டு, குளியலை நடத்தும் நீர்த் தலைவரின் குரலுக்கு ஏற்ப 47, 48 டிகிரி நீரில் மூன்றே நிமிடம் இருப்பது பழைய வழக்கம். அசைந்தால் சுடும் என்பதால் யாரும் அசைய மாட்டார்கள். இந்த முறையைத் துணையில்லாமல் யாரும் முயல வேண்டாம். சாதாரண பொதுத் தொட்டியிலேயே குசாட்சு நீர் கண்ணில் பட்டால் எரியும், சவரம் செய்த தாடையில் பட்டால் கொட்டும். காலையில் சவரம் செய்துவிட்டு இறங்காதீர்கள்.

இந்த அமிலம் ஆற்றில் போனால் என்ன ஆகும் என்பதும் ஜப்பான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அகிதா மாவட்டத்து தமாகவா ஊற்றின் பிஎச் சுமார் 1.2, சூடு 98 டிகிரி, ஒரே கண்ணிலிருந்து நிமிடத்துக்கு சுமார் 9,000 லிட்டர். 1940-இல் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் அந்த ஆற்றுநீரைத் தசாவா ஏரிக்குத் திருப்பினார்கள். ஏரி மீன்கள் மாண்டன. உலகில் அந்த ஏரியில் மட்டுமே இருந்த குனிமாசு என்ற மீன் அழிந்ததாகவே எழுதிவிட்டார்கள். 2010-இல் ஃபூஜி மலையடியில் சாய்க்கோ ஏரியில் அது உயிரோடு இருப்பது தெரிந்தது. முன்பு எப்போதோ அனுப்பிய முட்டைகளின் வழிவந்தவை. இப்போது தமாகவா நீரைச் சுண்ணாம்புக்கல் வழியே விட்டு அமிலத்தைத் தணிக்கிறார்கள். குசாட்சுவின் ஆற்றில் 1964 முதல் இரவும் பகலும் சுண்ணாம்புப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பெப்புவின் ம்யோபான் பகுதியில் வைக்கோல் வேய்ந்த குடிசைகளைப் பார்த்துத் தங்கும் இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ‘யுனோஹானா’ என்ற குளியல் பொடிக்கான படிகத்தை விளைவிக்கும் இடங்கள். நிலத்திலிருந்து ஆவி வரும் இடத்தில் கல் பாவி, மேலே அந்தப் பக்கத்தில் கிடைக்கும் நீலக் களிமண்ணைப் பரப்புகிறார்கள். கல் இடுக்கு வழியே வாயு ஏறிக் களிமண்ணோடு வினைபுரிய, மண்மேல் பஞ்சுபோன்ற ஊசிப் படிகம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். மழை பட்டால் கரைந்துவிடும், கூரை ஒழுகவே கூடாது. அதே சமயம் உள் ஈரம் வெளியேற வேண்டும். வைக்கோல் இரண்டையும் செய்கிறது. 40 முதல் 60 நாளில் சுரண்டி எடுத்துச் சுத்திகரிப்பார்கள். எடோ காலத்தில் (1603–1868) படிகாரம் எடுக்கத் தொடங்கிய தொழில் இது. இந்தப் பொடியை வீட்டுக்கு வாங்கிவந்தால் வாளி நீரில் கரைத்துக்கொள்ளலாம். வெப்பமூட்டும் கருவியோடு இணைந்த தொட்டியில் போட்டால் குழாய் அரித்துவிடும்.

உயிருக்கு ஆபத்து எங்கே

மூன்று இடத்தில். முதலாவது குளிர்காலச் சூட்டு மாற்றம். உடைமாற்றும் அறை சில்லென்று இருக்க, உடல் நடுங்கி ரத்த அழுத்தம் ஏற, உடனே 43 டிகிரி நீரில் இறங்க, அழுத்தம் சரிந்து மயங்கி நீருக்குள்ளேயே போய்விடுவது. முதியவர்கள் தனியாக இறங்கக் கூடாது. 41 டிகிரிக்குள், 10 நிமிடத்துக்குள் என்பது அரசின் அறிவுரை.

இரண்டாவது லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா. 20 முதல் 50 டிகிரிவரை வளரும், குழாய்க்குள்ளும் வடிகட்டியிலும் படியும் பாசியில் ஒளியும். நீர்த்துளியாக மூச்சில் போனால் நிமோனியா. 2002-இல் மியாசாகி மாவட்டத்து ஹ்யூகாவில் ஒரு சுற்றோட்டக் குளியலகத்தில் பரவி 7 பேர் இறந்தார்கள். அதனால்தான் சேமிப்புத் தொட்டியை 60 டிகிரிக்கு மேல் வைப்பதும், லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் குளோரினைத் தக்கவைப்பதும், சுற்றோட்டத் தொட்டியைக்கூட வாரம் ஒருமுறையாவது முழுக்க வடித்துத் தேய்ப்பதும். ஆனால் கார நீரில் குளோரினின் வேகம் குறையும். கந்தகமும் இரும்பும் அதைத் தின்றுவிடும். கடும் அமில நீரில் போட்டால் நச்சு வாயு கிளம்பும். தொட்டி விளிம்பு கைக்கு வழுக்கினால், அதுவும் கார நீர் இல்லாத இடத்தில் வழுக்கினால், அருவியும் குமிழும் அடிக்கும் பக்கம் உட்காராதீர்கள்.

மூன்றாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாசனையே தெரியாமல் போகும் என்பதுதான் பயங்கரம். எனவே கந்தகக் குளியலறைகளில் காற்றுப்போக்கியைத் தரையை ஒட்டி வைக்கிறார்கள். நீர் தொட்டி மட்டத்துக்கு மேலிருந்து விழ வேண்டும் என்பதும் விதி, வாயு பிரிந்து போவதற்காக. பனிக்காலத்தில் ஜன்னல் திறந்திருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். 2005 டிசம்பரில் அகிதாவில், ஊற்றுக்குப் பக்கத்தில் பனி உருகி உண்டான குழியில் இறங்கிய ஒரே குடும்பத்தின் 4 பேர் இப்படித்தான் மாண்டார்கள். கயிறு கட்டிய இடத்துக்குள் படம் எடுக்கக்கூடக் கால் வைக்கக் கூடாது. ஆழ்துளை ஒன்செனில் மீத்தேன் இன்னொரு கவலை. 2007 ஜூனில் டோக்கியோ ஷிபுயாவில் அது வெடித்து 3 பேர் இறந்த பிறகு, வாயுவைப் பிரித்து வெளியேற்றும் விதிகள் கடுமையாயின.

நீர்க்காவலர்

நாகானோ மாவட்டத்து நொசாவா ஒன்செனில் 13 பொதுக் குளியலகங்கள் இருக்கின்றன. ‘யுநகாமா’ என்ற தெருக்கூட்டங்கள் முறைவைத்துக் கூட்டிப் பெருக்கிப் பராமரிக்கின்றன. கட்டணம் இல்லை, வாசலில் காணிக்கைப் பெட்டி மட்டும். 90 டிகிரியில் கொதிக்கும் ஊர்த் தொட்டியில் உள்ளூர்க்காரர்கள் கீரையும் முட்டையும் வேகவைப்பார்கள். அங்கே வெளியாள் உள்ளே போக அனுமதியில்லை.

இப்படிப்பட்ட பழைய குளியலகங்களிலும் சிறு விடுதிகளிலும் சூட்டை அளக்கும் தானியங்கி எதுவும் கிடையாது. 60, 70 டிகிரி ஊற்றுநீரை எவ்வளவு விடுவது என்பதே ஒரே கட்டுப்பாடு. ‘யுமோரி’, நீர்க்காவலர், காற்றையும் பனியையும் பார்த்துக் காலையிலும் மாலையிலும் அளவை மாற்றுவார். பனி கொட்டும் இரவில் கொஞ்சம் கூட்டுவார், காற்றில்லாத நாளில் குறைப்பார். சுண்ணாம்பு மிகுந்த நீரென்றால் குழாய்க்குள் படிவு ஏறி வாய் சுருங்கிக்கொண்டே வரும். அதைத் தட்டி எடுப்பது ஓயாத வேலை. தாங்க முடியாத சூடு என்றால் தொட்டியில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள தண்ணீர்க் குழாயைச் சற்றே திறக்கலாம், ஏறும்போது மறக்காமல் மூடிவிடுங்கள். ஊற்றுநீர் விழும் வாயில் துணி சுற்றிய மரக்கட்டை செருகியிருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த இரவுக்கான அளவு அது.